ஜிசிசி 10-ல் கட்டிய பழைய 5.4 கர்னல்: இரண்டாவது கோர் எழும்போதே பேனிக், "ஸ்டாக் கெட்டுவிட்டது" என்கிறது

தறிப்பெட்டி கேட்டது:

வணக்கம். நெசவு இயந்திரங்களுக்கான கட்டுப்பாட்டுப் பெட்டி செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை. பெட்டிக்குள் சாதாரண 64-பிட் எக்ஸ்86 போர்டு, நான்கு கோர், யூஇஎஃப்ஐ பூட். லினக்ஸ் 5.4. போர்டு கொடுத்தவர்கள் 2020 தொடக்கத்தில் ஒரு கட்டத்தில் நிறுத்திக் கையில் கொடுத்த சோர்ஸ், அதற்கு மேல் எங்கள் டிரைவர்கள். அதன் பிறகு ஸ்டேபிள் அப்டேட் (வெளியான கர்னலுக்குப் பின்னால் வரும் திருத்தங்கள்) எதையும் யாரும் ஏற்றவில்லை. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், நான் சேருவதற்கு முந்தைய கதை.

இதுவரை டெபியன் 10 மெஷினில், ஜிசிசி 8.3 கம்பைலரில் கட்டிக்கொண்டிருந்தோம். அந்த மெஷின் போய்விட்டது. புது மெஷினில் டெபியன் 11, ஜிசிசி 10.2. அதே சோர்ஸ், அதே கான்ஃபிக் ஃபைல். கம்பைல் சுத்தமாக முடிகிறது. போர்டில் போட்டால் கறுப்புத் திரை. சீரியல் கேபிள் மாட்டி, எர்லிபிரின்ட்கே (பூட் தொடக்கச் செய்திகளையும் காட்டும் கர்னல் ஆப்ஷன்) போட்டுப் பிடித்ததில் கடைசியாக வருவது இது (தமிழில் தட்டியிருக்கிறேன்):

எஸ்எம்பி: பிரிங்கிங் அப் செகண்டரி சிபியூஸ் ...
எக்ஸ்86: பூட்டிங் எஸ்எம்பி கான்ஃபிகரேஷன்:
.... நோட் #0, சிபியூஸ்: #1
கர்னல் பேனிக் - நாட் சின்கிங்: ஸ்டாக்-புரொடெக்டர்: கர்னல் ஸ்டாக் இஸ் கரப்டட் இன்: ஸ்டார்ட்_செகண்டரி
சிபியூ: 1 பிஐடி: 0 காம்: ஸ்வாப்பர்/1

கால் டிரேஸில் ஸ்டாக்_சிஹெச்கே_ஃபெயில், ஸ்டார்ட்_செகண்டரி, செகண்டரி_ஸ்டார்ட்அப்_64. அவ்வளவுதான்.

மேக்ஸ்சிபியூஸ்=1 (ஒரு கோரை மட்டும் எழுப்பு) என்று கர்னலுக்குக் கொடுத்தால் பூட் ஆகிறது, எங்கள் அப்ளிகேஷனும் ஓடுகிறது. ஸ்டாக் புரொடெக்டரை (ஃபங்ஷன்களின் தற்காலிக மெமரியான ஸ்டாக்கைக் காக்கும் வசதி) கான்ஃபிகில் அணைத்துக் கட்டினாலும் நான்கு கோரும் எழுகின்றன. எங்கள் டிரைவர் ஏதாவது ஸ்டாக்கை மிதிக்கிறதா? ஆம் என்றால் எங்கே தேடுவது? இல்லையென்றால், புரொடெக்டரை அணைத்தே கஸ்டமருக்கு அனுப்பிவிடலாமா? மேலிடத்தில் அதைத்தான் சொல்கிறார்கள்.

---

மெம்டெஸ்ட்மாமா சொன்னது:

முதலில் ரேமைப் பாருங்கள். ஸ்டாக் கெட்டுப்போச்சு என்று வந்தாலே எனக்கு ரேம் மேல்தான் சந்தேகம். ஒரு ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓட விடுங்கள். பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை வேகமாக ஓட்டும் அமைப்பு) இருந்தால் அணையுங்கள்.

---

தறிப்பெட்டி:

பழைய இமேஜ் இதே போர்டில் நன்றாக ஓடுகிறது சார். வேறு போர்டுகளில் போட்டாலும் புது இமேஜ் அதே இடத்தில், அதே ஃபங்ஷன் பெயரோடு விழுகிறது. ரேம் கெட்டிருந்தால் இவ்வளவு ஒழுங்காக விழுமா?

---

சீரியல்கேபிள் சொன்னது:

ரேமும் இல்லை, உங்கள் டிரைவரும் இல்லை. ஸ்டாக் கெடவே இல்லை. அந்தச் செய்தி தவறு.

டிரைவர் குற்றமற்றது என்பதற்கான சாட்சி உங்கள் லாகிலேயே இருக்கிறது. மற்ற கோர்களை எழுப்பும் வேலை, சாதாரண டிரைவர்களின் இனிட்கால்கள் (தொடக்க ஃபங்ஷன்கள்) ஓடத் தொடங்குவதற்கு முன்பே நடந்துவிடும். உங்கள் கோடு அந்த நேரத்தில் மெமரியில் சும்மா கிடக்கிறது, யாரும் அதைக் கூப்பிடவில்லை. திரை கறுப்பாக இருப்பதற்கும் இதே வரிசைதான் காரணம்: யூஇஎஃப்ஐ போர்டில் ஃப்ரேம்பஃபர் டிரைவர் வருவதும் இதற்குப் பிறகுதான். சீரியலில் பிடித்தது நல்ல வேலை.

இரண்டாவது சாட்சி மேக்ஸ்சிபியூஸ்=1. ஸ்டார்ட்_செகண்டரி என்பது முதல் கோரைத் தவிர மற்ற கோர்கள் மட்டும் ஓடும் ஃபங்ஷன். ஒரே கோர் என்றால் அதைத் தொடுவதே இல்லை. பிஐடி 0, ஸ்வாப்பர்/1 என்று இருக்கிறது பாருங்கள், அது கோர் 1-இன் ஐடில் டாஸ்க், வேறு வேலை இல்லாதபோது ஓடுவது. பிறந்த சில நொடித்துளிகளில் செத்திருக்கிறது.

இனி விஷயம். ஸ்டாக் புரொடெக்டர் போட்டுக் கட்டினால், காவல் தேவை என்று கம்பைலர் கருதும் ஒவ்வொரு ஃபங்ஷனும் உள்ளே நுழையும்போது கேனரி என்ற ரகசிய எண்ணை எடுத்துத் தன் ஸ்டாக் ஃப்ரேமில் வைக்கும். வெளியே போகும்போது ஸ்டாக்கில் இருப்பதையும் மூல எண்ணையும் ஒப்பிடும். வேறுபட்டால் ஸ்டாக்_சிஹெச்கே_ஃபெயில், அப்புறம் பேனிக். 64-பிட் எக்ஸ்86-இல் அந்த மூல எண் ஒவ்வொரு கோருக்கும் தனித்தனி. ஜிஎஸ் என்ற ரெஜிஸ்டர் காட்டும் இடத்திலிருந்து 40 பைட் தள்ளி இருக்கும்.

ஸ்டார்ட்_செகண்டரி செய்யும் வேலைகளில் ஒன்று, அந்தக் கோருக்கான கேனரியைப் புதிதாக உருவாக்குவது. பூட்_இனிட்_ஸ்டாக்_கேனரி என்று ஒரு இன்லைன் ஃபங்ஷன், அதாவது கூப்பிடும் ஃபங்ஷனுக்குள்ளேயே அதன் கோடு பதிந்துவிடும். அது கேனரி என்று ஒரு லோக்கல் வேரியபிள் வைத்துக்கொண்டு, அதன் முகவரியை ரேண்டம் எண் தரும் ஃபங்ஷனுக்குக் கொடுக்கிறது. ஸ்ட்ராங் வகைப் புரொடெக்டரின் விதிப்படி, லோக்கல் வேரியபிளின் முகவரியை எடுக்கும் ஃபங்ஷனுக்குக் காவல் உண்டு. இன்லைன் ஆகி உள்ளே வந்துவிட்டதால் அந்தக் காவல் ஸ்டார்ட்_செகண்டரி தலையில் விழுகிறது. ஆக, நுழையும்போது பழைய எண் ஸ்டாக்கில் போய் உட்கார்ந்துவிடுகிறது. நடுவில் மூல எண் மாறிவிடுகிறது. வீட்டுக்குள் இருந்துகொண்டே வாசல் பூட்டை மாற்றியாயிற்று, கையில் இருப்பது பழைய சாவி. வெளியே போகாதவரை தொல்லை இல்லை.

கர்னல் எழுதியவர்களுக்கு இது தெரியும். பூட்_இனிட்_ஸ்டாக்_கேனரிக்கு மேலேயே கமென்ட் இருக்கும்: திரும்பி வராத ஃபங்ஷன்கள் மட்டுமே இதைக் கூப்பிட வேண்டும், எப்போதும் இன்லைன் ஆக வேண்டும் என்று. ஸ்டார்ட்_செகண்டரி திரும்பி வருவதில்லை. கடைசி வரியில் சிபியூ_ஸ்டார்ட்அப்_என்ட்ரியைக் கூப்பிடும். அது ஐடில் லூப்புக்குள் போய் அங்கேயே இருந்துவிடும். ஆகவே கடைசியில் கேனரியை ஒப்பிடும் கோடு இருந்தாலும் அது ஓட வாய்ப்பே இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

ஜிசிசி 10 அந்த இடத்தில் டெயில் கால் செய்கிறது. ஒரு ஃபங்ஷனின் கடைசி வேலை இன்னொரு ஃபங்ஷனைக் கூப்பிடுவதுதான் என்றால், தன் ஃப்ரேமைக் கலைத்துவிட்டு, 'கால்' போடாமல் நேராக 'ஜம்ப்' அடித்துவிடலாம். ஸ்டாக் மிச்சம். ஆனால் ஃப்ரேமைக் கலைப்பது என்றால் வெளியே போவது மாதிரிதான். கலைப்பதற்கு முன் கேனரியை ஒப்பிட்டாக வேண்டும். ஒருபோதும் ஓடாது என்றிருந்த ஒப்பீடு, சிபியூ_ஸ்டார்ட்அப்_என்ட்ரிக்குத் தாவுவதற்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. பழைய சாவி, புதுப் பூட்டு, பேனிக்.

நம்ப வேண்டாம், பாருங்கள். விஎம்லினக்ஸ் ஃபைலை (கட்டி முடித்த கர்னல்) ஆப்ஜ்டம்ப்பில் கொடுத்து, ஸ்டார்ட்_செகண்டரியை மட்டும் டிஸ்அசெம்பிள் செய்யுங்கள் (மெஷின் கட்டளைகளாகப் பாருங்கள்). கடைசியில் சிபியூ_ஸ்டார்ட்அப்_என்ட்ரிக்கு 'கால்' இருக்காது, 'ஜம்ப்' இருக்கும். அதற்குச் சற்று மேலே ஜிஎஸ்-ஐத் தொடும் ஒப்பீடு. ஜிசிசி 8-இல் கட்டிய விஎம்லினக்ஸ் இருந்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சொல்ல வேண்டியதே இல்லை.

இன்னொரு சோதனையும் உண்டு. ஸ்டார்ட்_செகண்டரி இருக்கும் எஸ்எம்பிபூட் ஃபைலுக்கு மட்டும், அதன் மேக்ஃபைலில், டெயில் கால் வேண்டாம் என்று சொல்லும் ஃப்ளாகைச் சேர்த்துக் கட்டுங்கள் (ஜிசிசி கையேட்டில் ஆப்டிமைஸ்-சிப்ளிங்-கால்ஸ் என்ற பெயரில் இருக்கும், முன்னால் எஃப்-நோ). எழுந்துவிட்டால் வழக்கு முடிந்தது. இதை போர்டில் செய்து நேரம் போக்காதீர்கள். கியூஎம்யூ எமுலேட்டரில் இரண்டு கோர் கொடுத்து, பிஸெட்இமேஜை (பூட் ஆகும் கர்னல் ஃபைல்) நேராக ஏற்றி, கன்சோலைச் சீரியலுக்குத் திருப்பினால் போதும். ரூட் ஃபைல்சிஸ்டம் எதுவும் தர வேண்டாம். "ரூட் மவுன்ட் செய்ய முடியவில்லை" என்று வேறொரு பேனிக்கில் விழும். அந்தப் பேனிக் வந்தால் மகிழ்ச்சியடையுங்கள், நம் இடத்தைத் தாண்டிவிட்டோம் என்று அர்த்தம்.

---

ரிங்ஜீரோ சொன்னது:

இவ்வளவு எதற்கு? ஜிசிசி 10-இல் பக் இருக்கிறது, ஜிசிசி 9-க்குப் போய்விடுங்கள். பழைய கர்னலுக்குப் பழைய கம்பைலர். எங்கள் டீமில் டாக்கருக்குள் பழைய கம்பைலரை வைத்தே வருஷக்கணக்காக ஓட்டுகிறோம். இதே ஜிசிசி 10-இல் ஏஆர்எம் பக்கம் டிடிசி (டிவைஸ் ட்ரீ கம்பைலர்) கூட லிங்க் ஆகவில்லை, ஒய்ஒய்லாக் என்ற வேரியபிள் இரண்டு இடத்தில் இருக்கிறது என்று நின்றுவிட்டது.

---

சீரியல்கேபிள்:

டாக்கரில் கம்பைலரைப் பூட்டி வைப்பது நல்ல பழக்கம், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இரண்டுமே ஜிசிசி பக் இல்லை. ஒய்ஒய்லாக் விஷயம், ஒரே குளோபலை இரண்டு ஃபைலில் அறிவித்தால் முன்பு சேர்த்துக்கொண்டது, 10-இலிருந்து இயல்பாகவே சேர்க்காது. தப்பு டிடிசி சோர்ஸில் இருந்தது, அங்கேதான் திருத்தினார்கள்.

இங்கேயும் அப்படித்தான். சிபியூ_ஸ்டார்ட்அப்_என்ட்ரி திரும்பாது என்று அந்தக் காலத்து கர்னலில் கம்பைலருக்கு யாரும் சொல்லவில்லை. உள்ளே முடிவற்ற லூப் இருக்கிறது, சரி. ஆனால் அது வேறு ஃபைலில் இருக்கிறது, ஜிசிசி எப்படிப் பார்க்கும்? ஒரு ஃபங்ஷனின் நடுவில் அதன் கேனரியின் மூல எண்ணையே மாற்றுவார்கள் என்று கம்பைலர் எதிர்பார்க்க வேண்டும் என்பதும் நியாயமில்லை. கம்பைலரின் ஒரு பழக்கத்தை நம்பி கர்னல் நின்றது. பழக்கம் மாறியது.

இதன் திருத்தம் வந்த கதை எனக்குப் பிடித்தமானது. ஜென்டூ லினக்ஸ் பக்கத்திலிருந்து செர்கேய் டிராஃபிமோவிச் என்பவர்தான் இதைச் சொன்னவர், கர்னல் 5.6-இன் ஆர்சி (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) காலத்தில். ஜிசிசி 10 அப்போது வெளியாகக்கூட இல்லை. அது வெளியானது 2020 மே மாதம். வெளியாகாத கம்பைலரில் கர்னலைக் கட்டிப் பார்க்க ஆட்கள் இருப்பதால்தான் நாமெல்லாம் நிம்மதியாக இருக்கிறோம். திருத்தம் அதே மே மாதம் உள்ளே போனது, 5.7-இல் இருக்கிறது. எழுதியவர் எக்ஸ்86 பராமரிப்பாளர் போரிஸ்லாவ் பெட்கோவ். கமிட்டின் தலைப்பிலேயே "மூன்றாவது முயற்சி" என்று இருக்கும்.

முதல் முயற்சி, அந்த ஒரு ஃபங்ஷனுக்கு மட்டும் புரொடெக்டரை அணைப்பது. ஜிசிசி-யில் ஆப்டிமைஸ் என்று ஒரு அட்ரிபியூட் உண்டு, அதற்குள் ஃப்ளாகைக் கொடுக்கலாம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது நாம் கொடுப்பதை ஏற்கெனவே உள்ள ஃப்ளாகுகளோடு சேர்ப்பதில்லை. பழையவற்றைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் இதை வைக்கிறது. ஃப்ரேம் பாயின்டரை விட்டுவிடாதே என்ற ஃப்ளாகும் சேர்ந்து போய்விட்டது. கர்னலுக்கு அது வேண்டும். கைவிட்டார்கள்.

இரண்டாவது, சிபியூ_ஸ்டார்ட்அப்_என்ட்ரி அழைப்புக்குப் பின்னால் ஒரு காலி இன்லைன் அசெம்பிளி வரி. அழைப்பு இனி கடைசி வேலை இல்லை, ஆகவே டெயில் கால் இல்லை. சின்னது, சுத்தமானது. ஆனால் காலி வரிதானே, நாளைக்கு எல்டிஓ (லிங்க் நேரத்து ஆப்டிமைசேஷன்) மாதிரி ஏதாவது ஒரு கட்டத்தில் அதையும் துடைத்துவிட்டால் என்ன செய்வது என்று கேள்வி வந்தது.

மூன்றாவது, அதே இடத்தில் உண்மையான மெமரி பேரியர், அதாவது மெமரி அணுகல்களின் வரிசையை மாற்றவிடாத கட்டளை. கம்பைலர் அதை நீக்கவும் முடியாது, நகர்த்தவும் முடியாது. பிரிவென்ட்_டெயில்_கால்_ஆப்டிமைசேஷன் என்று நீளமான பெயர் வைத்து கம்பைலர் ஹெடரில் சேர்த்தார்கள். ஸ்டார்ட்_செகண்டரி மட்டுமல்ல, முதல் கோர் ஓடும் ஸ்டார்ட்_கர்னலிலும் ஜென் (விர்ச்சுவல் மெஷின் மென்பொருள்) பக்கத்திலும் அந்த வரியைப் போட்டார்கள். கேனரியை உருவாக்கும் எல்லா இடத்திலும் இதே பொறி இருக்கிறது அல்லவா?

தறிப்பெட்டி, இதைத்தான் எடுக்க வேண்டும். ஜென் உங்களுக்குத் தேவையில்லாவிட்டாலும் பேட்சை வெட்டாமல் முழுசாக எடுங்கள். 5.4 ஸ்டேபிள் வரிசையிலும் இது 2020-லேயே ஏறிவிட்டது; உங்கள் மரம் அதற்கு முன்பே உறைந்துவிட்டது, அதுதான் சிக்கல்.

புரொடெக்டரை அணைத்து அனுப்பும் யோசனைக்கு என் ஓட்டு கிடையாது. நோயைக் கண்டுபிடிக்க அணைத்துப் பார்த்தது சரி. ஒரு ஃபங்ஷனின் ஒரு வரிக்காக மொத்த கர்னலின் காவலையும் எடுப்பது, அதுவும் தொழிற்சாலைத் தளத்தில் அப்டேட்டே பார்க்காமல் பல வருஷம் ஓடப்போகிற பெட்டியில், வேண்டாம். மேலிடத்தில் பேட்ச் நாலைந்து ஃபைல், கையளவு வரிதான் என்று சொல்லுங்கள், பயம் போய்விடும்.

மேக்ஸ்சிபியூஸ்=1 போட்டு அனுப்பலாம் என்று யாராவது கிளம்பினால் அதையும் தடுங்கள். அது மற்ற கோர்களை எழுப்பாமல் விடுகிறதே தவிர மறந்துவிடுவதில்லை. பூட் ஆன பிறகு யாராவது சிஸ்எஃப்எஸ்-இல் (கர்னல் அமைப்புகளை ஃபைல்களாகக் காட்டும் இடம்) போய் சிபியூ1-இன் ஆன்லைன் ஃபைலில் 1 என்று எழுதினால் அதே ஸ்டார்ட்_செகண்டரி, அதே பேனிக். இம்முறை தறி ஓடிக்கொண்டிருக்கும்போது.

---

ரிங்ஜீரோ:

ஆப்டிமைஸ் அட்ரிபியூட் மற்ற ஃப்ளாகுகளைத் தூக்கிவிடும் என்பது எனக்குப் புதுசு. எங்கள் டிரைவரில் இரண்டு இடத்தில் இருக்கிறது, தேடிப் பார்க்கிறேன். கிளாங் கம்பைலரில் புரொடெக்டரை ஃபங்ஷன் அளவில் அணைக்கத் தனி அட்ரிபியூட் இருந்ததே, அதையே போட்டிருக்கலாமே?

---

சீரியல்கேபிள்:

அப்போது கிளாங்கில் இருந்தது, ஜிசிசி-யில் இல்லை. ஜிசிசி 11-இல்தான் வந்தது. பிரச்சினை ஜிசிசி 10-இல், மருந்து 11-இல்.

---

தறிப்பெட்டி:

அண்ணா, நீங்கள் சொன்ன வரிசையிலேயே பார்த்தேன். கியூஎம்யூ-வில் இரண்டு கோரில் அப்படியே விழுந்தது, ஒரு கோரில் ரூட் பேனிக் வரை போனது. ஆப்ஜ்டம்ப்பில் கடைசியில் ஜம்ப். டெயில் கால் வேண்டாம் என்ற ஃப்ளாகோடு கட்டியதும் இரண்டு கோரிலும் ரூட் பேனிக் வந்தது, நீங்கள் சொன்னதால் மகிழ்ச்சியடைந்தேன்.

அந்தச் சோதனை ஃப்ளாகை எடுத்துவிட்டு பேட்சை ஏற்றினேன். போர்டில் நான்கு கோரும் எழுந்துவிட்டன, புரொடெக்டர் ஸ்ட்ராங்கிலேயே இருக்கிறது. இப்போது டிஸ்அசெம்பிளியில் சிபியூ_ஸ்டார்ட்அப்_என்ட்ரிக்கு 'கால்', அதன் கீழே ஒரு எம்ஃபென்ஸ் (அந்த பேரியரின் மெஷின் கட்டளை), அதற்கும் கீழே கேனரி ஒப்பீடு. கோட் ரிவ்யூவில் கேட்டார்கள்: எம்ஃபென்ஸ் மெதுவான கட்டளையாயிற்றே, பூட் நேரம் கூடாதா என்று. இன்னொன்று, அடுத்த வருஷம் டெபியன் 12, ஜிசிசி 12-க்குப் போனால் இந்த வரியை எடுத்துவிடலாமா?

---

சீரியல்கேபிள்:

அந்த எம்ஃபென்ஸ் ஓடவே ஓடாது. சிபியூ_ஸ்டார்ட்அப்_என்ட்ரி திரும்பினால்தானே அதன் கீழே உள்ளது ஓடும்? அது கம்பைலருக்காக வைத்தது, பிராசசருக்காக அல்ல. ரிவ்யூவில் இதை ஒரு வரி கமென்ட்டாகக் கேட்டாலும் கேட்பார்கள், எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் யாராவது ஒருவர் 'தேவையற்ற பேரியர்' என்று நீக்கி நல்ல பேர் வாங்கப் பார்ப்பார்.

ஜிசிசி 12-க்குப் போனாலும் உங்கள் 5.4 மரத்தில் வரியை எடுக்காதீர்கள். மெயின்லைனில் (முதன்மை கர்னல் மரத்தில்) 2023-இல் மாற்றினார்கள்: கேனரியை உருவாக்கச் சொல்லும் ஸ்டார்ட்_கர்னலுக்கு ஜிசிசி 11-உம் கிளாங்கும் புரிந்துகொள்ளும் அந்த அட்ரிபியூட்டை நேரடியாகப் போட்டு, அது தெரியாத பழைய கம்பைலருக்கு மட்டும் பேரியரை விட்டு வைத்தார்கள். அந்த அட்ரிபியூட் உங்கள் மரத்தில் இல்லை. பேரியரை எடுத்தால் மறுபடி முதல் லாகுக்கே வந்து நிற்பீர்கள். இந்த ஒரு பேட்சோடு நிற்காமல் மொத்த மரத்தையும் 5.4 ஸ்டேபிளின் கடைசி வெளியீட்டின் மேல் ரீபேஸ் செய்ய நேரம் கேளுங்கள். புது கம்பைலர்களுக்கான சின்னச் சின்னத் திருத்தங்கள் அதில் நிறைய இருக்கும். ஒவ்வொன்றாக மோதி மோதி எடுத்துக்கொண்டிருக்க முடியாது.

ரிலீஸுக்கு முன் சிபியூ1, 2, 3-ஐ ஆஃப்லைன், ஆன்லைன் என்று மாற்றி மாற்றிச் செய்யும் ஒரு ஷெல் லூப்பை டெஸ்ட்டில் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு ஆன்லைனும் ஸ்டார்ட்_செகண்டரி வழியாகத்தான் வரும், ரீபூட் செய்துகொண்டே இருக்க வேண்டியதில்லை.